வாலாட்டிய ஆமை

அத்தியாயம் 7

இதற்கு முந்தைய ஆறு அத்தியாயங்களில் துப்பறியும் நிபுணர் நிழல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே இந்த இடத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நிழல் என்பது அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். சந்தேக நபரின் பின்னால் ஓசைப்படாமல் போவார் என்ற அர்த்தத்தில் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். உண்மையில் அவர் நடந்தால் மூச்சு வாங்கும் சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். அவர் பின்தொடர்ந்த ஒருவர் பாவம் பார்த்து நின்று, தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் உண்டு.

உதவியாளர் அவருடைய மாமியார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவை முப்பது வருஷம் ஆட்டிப் படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்தால் மகளோடும் சண்டை வரும், மாப்பிள்ளையோடும் சண்டை வரும். மாப்பிள்ளையோடு வேலைக்குப் போனால் பாதிச் சண்டை மிச்சம் என்று கணக்குப் போட்டு வந்து சேர்ந்தார். இப்போது மகள் வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததால் முழுச் சண்டையும் நிழலுக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை நிழலுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். காரணம், இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் என்பது நாய். மோப்பம் பிடித்துத் துப்புத் துலக்கும் என்று நம்பி நிழல் வாங்கி வந்தது. தட்டில் இருக்கும் சாப்பாட்டையே தேடிக் கண்டுபிடிக்க அதற்கு யாராவது உதவ வேண்டியிருந்தது. அந்த ஒற்றுமையாலோ என்னவோ இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். சிறுநீரகக் கோளாறு என்று கால்நடை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வார்டுக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். மருத்துவமனையின் வெப்சைட்டில் ஒரு பெட்டி இருக்கும். அதில் பெயரைத் தட்டினால், நோயாளி எப்படி இருக்கிறது என்று நர்ஸ் எழுதியது தெரியும். இரண்டு நாளாக "சாப்பிடவில்லை" என்றே வந்துகொண்டிருந்தது. நிழலும் சாப்பிடவில்லை. நேற்று இரவுதான் வரி மாறியது.

"பாலில் நனைத்த ரொட்டியைச் சாப்பிட்டது. வாலை ஆட்டியது."

போனின் சின்னத் திரையில் அவ்வளவுதான் தெரிந்தது. அது போதும் என்று நிழல் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். பாலில் நனைத்த ரொட்டி என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கொள்ளை ஆசை.

"எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னு நேர்லயே போய்க் கேட்டுடலாம் அத்தை."

"இன்னைக்கு எதுக்கு மாப்பிள்ளை? நாளைக்குப் போகலாமே."

"நல்ல சேதி வந்தா உடனே போகணும்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். வீட்டைப் பூட்டினார். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, "சரிபார்த்தாச்சு" என்றார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறும்போது, "டயர் தாங்குமான்னு பார்த்துக்குங்க. உங்க சந்தோஷத்துக்கும் எடை இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருத்துவமனையில் ஒரே ரகளை.

"என் கிளி பாலில் நனைச்ச ரொட்டி சாப்பிட்டுட்டு வாலை ஆட்டிச்சாம்," என்று வரவேற்பு மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. "அது என்ன கன்னுக்குட்டியா? உள்ள என்னதான் நடக்குது?"

"என் ஆமைக்கும் அதேதான் போட்டிருக்கு," என்றார் பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரர். அவருக்குக் கோபம் இல்லை. "எனக்கு ஒரு விதத்துல திருப்திதான். அதுக்கு வால் இருக்குன்னே இன்னைக்குத்தான் கவனிச்சேன்."

சுவரோரப் பெஞ்சில் ஒருவர் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பூனை முந்தாநாளே இறந்துவிட்டதாம். போனில் சொல்லியிருந்தார்கள். நேற்று இரவு அதன் பெயரிலும் அதே வரி. இறந்தது என்று தவறுதலாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நர்ஸ் இரண்டாம் முறையாக அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நிழல் போனை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். எல்லாருக்கும் ஒரே வரி என்றால், இன்ஸ்பெக்டருக்கு வந்த வரி? யாரிடமாவது கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அதை மறைக்க, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

டாக்டரம்மா கார்டைப் படித்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி கார்டைப் படித்தார்.

"நிழல்?"

"ஆமா டாக்டர்."

"மத்தியான நிழல் இல்ல டாக்டர்," என்றார் அத்தை பின்னாலிருந்து. "சாயங்கால நிழல். கொஞ்சம் பெருசாத்தான் விழும்."

அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் டாக்டரம்மாவின் தம்பி. வெப்சைட் செய்து கொடுத்தவர். மற்றவர் வார்டு நர்ஸ். கண் சிவந்து, ஏப்ரனின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"துப்பறிய ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "வெப்சைட்டுல எழுதறது இவங்க மட்டும்தான். யார் மேல என்ன கோபமோ, எல்லாத்துக்கும் ஒரே வரியை எழுதி வச்சுட்டாங்க. சாயங்காலத்தோட வேலையை விட்டு அனுப்பிடறேன்."

"நான் எழுதலைம்மா," என்றார் நர்ஸ். "வார்டுல ரொட்டியே கிடையாது. டப்பா சாப்பாடுதானே தர்றோம். மிருகத்தைப் பத்திப் பொய் எழுதினவன்னு பேர் வந்துட்டா எனக்கு வேற எங்கயும் வேலை கிடைக்காது."

"வெளியிலேர்ந்து யாரும் உள்ள வரவே முடியாது," என்றார் தம்பி. "பாஸ்வேர்டு இவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"அப்படியா தம்பி?" என்றார் அத்தை. போனை எடுத்தார். பெயர் தேடும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக வேறு எதையோ விறுவிறுவென்று தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதன் கீழே, மருத்துவமனையில் இருந்த அத்தனை மிருகங்களின் விவரமும், சொந்தக்காரர்களின் போன் நம்பரும் கொட்டின. இன்ஸ்பெக்டரின் வரிசையில், 'குறிப்பு' என்ற இடத்தில், "சொந்தக்காரர் அடிக்கடி கூப்பிடுவார். எடுக்க வேண்டாம்" என்றிருந்தது. நிழல் அதைப் படித்துவிட்டார் என்பதைப் பார்த்ததும் டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்படி வந்தது?" என்றார் நிழல், பேச்சை மாற்ற.

"பழைய பதிவுகளைப் பாதுகாக்கிற ஆபீஸ்ல ஒரு குமாஸ்தா இருக்கார்னு வச்சுக்குங்க மாப்பிள்ளை. சீட்டுல 'டைகர்'னு எழுதிக் குடுத்தா டைகரோட பைலைக் கொண்டு வந்து தருவார். 'டைகர், அப்புறம் மிச்ச பைலையும் கொண்டா'ன்னு எழுதினா? விவரமான ஆளா இருந்தா, அப்படி ஒரு பேரில் நாய் இல்லையேன்னு திருப்பி அனுப்புவார். இந்த வெப்சைட்டுக்குள்ள இருக்கற குமாஸ்தா பரம சாது. பேர் எது, கட்டளை எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சீட்டுல என்ன இருந்தாலும் செஞ்சுடுவார். கொண்டு வான்னாலும் கொண்டு வருவார், அழிச்சு எழுதுன்னாலும் எழுதுவார்."

"தப்பான குறி அடிச்சா சிவப்பா எச்சரிக்கை வருதே," என்றார் தம்பி ஈனஸ்வரத்தில்.

"வருது. வந்துட்டு, அடிச்சதை அப்படியே உள்ளயும் அனுப்புது. திருடர்கள் வரக்கூடாதுன்னு போர்டு மாட்டிட்டுக் கதவைத் திறந்து போட்ட மாதிரி."

"சரி, யார் எப்ப மாத்தினாங்கன்னு ஒரு பதிவு இருக்குமே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அது ரெண்டாவது கட்டத்துல பண்ணலாம்னு இருந்தேன்க்கா."

"முதல் கட்டத்துல என்ன பண்ணின?"

"கலர் செலக்ட் பண்ணினோம்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வெளி ஆளும் செய்யலாம்னு தெரியுது. அதனால இவங்க செய்யலைன்னு ஆயிடுமா? செஞ்சது யாருன்னு சொல்லுங்க, நான் இவங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லைன்னா சாயங்காலம் இவங்க கிளம்ப வேண்டியதுதான்."

நர்ஸ் நிழலைப் பார்த்தார். நம்புவதற்கு வேறு யாரும் இல்லாதபோது மனிதர்கள் பார்க்கும் பார்வை அது. நிழலை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குத் தலை கால் புரியவில்லை.

வராந்தாவுக்கு வந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"கிளிக்காரம்மாதான் அத்தை."

"அவங்களே தொண்டை கிழியக் கத்திட்டு இருக்காங்க."

"ஆமைக்காரர். சந்தோஷமா இருக்கார். சந்தேகமா இருக்கு."

"சந்தோஷமா இருக்கறவங்களைப் பிடிக்கணும்னா, நேத்து ராத்திரி உங்களைத்தான் பிடிச்சிருக்கணும்."

நிழல் நின்றார். "போட்டி ஆஸ்பத்திரிக்காரன் செய்திருந்தா எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதியிருப்பான். சாப்பிட்டது, வாலை ஆட்டியதுன்னு ஏன் எழுதணும்? இது கெட்டது நினைச்சவன் எழுதின வரியா தெரியலையே."

அத்தை பதில் சொல்லவில்லை. தம் பேச்சுக்கு அத்தை பதில் சொல்லாமல் இருந்து நிழல் பார்த்ததே இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்த தம்பி தொண்டையைக் கனைத்தார். "ஒரு விஷயம் சார். கட்டளையோட கடைசியில எந்த மிருகத்துக்குன்னு சொல்லணும். அதை விட்டுட்டா எல்லாத்துக்கும் மாறிடும். ஒரு மிருகத்துக்கு மட்டும் மாத்த நினைச்சு, அதை எழுத மறந்திருக்கான். கத்துக்குட்டிதான் இப்படிப் பண்ணுவான்."

"பெரிய ஆளுங்களும் பண்ணுவாங்க தம்பி," என்றார் அத்தை வெடுக்கென்று. "அவசரத்துல."

நிழலின் மூளை, பல வருஷம் கழித்து, கிளம்பியது. வால் என்றால் நாய். கிளிக்கும் ஆமைக்கும் அந்த வரி பொருந்தாது. ஆக, எழுதியவர் ஏதோ ஒரு நாயைச் சேர்ந்தவர். எந்த நாய்க்குப் பாலில் நனைத்த ரொட்டி பிடிக்கும் என்று கேட்டுவிட்டால் வழக்கு முடிந்தது. நாயைச் சேர்த்திருந்த ஒவ்வொருவரையும் பிடித்து விசாரித்தார். ஒருவர் தம் நாய் ரொட்டியைக் கண்டால் தோட்டத்தில் புதைத்துவிடும் என்றார். இன்னொருவர் பால் என்றாலே வாந்தி என்றார். மூன்றாமவர், "அந்த வரியைப் படிச்சதுமே ஏதோ கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். யாருக்குத்தான் தெரியாது?" என்று சிரித்தார்.

மத்தியானமும் போய்விட்டது. களைத்துப்போன நிழல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கூடைக்காரர் இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்.

"என் பூனை பாலைத் தொடவே தொடாது சார்," என்றார் அவர், கேட்காமலே. "எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"நம்பணும்னு இருந்துச்சு. நம்ப ஆரம்பிச்சதும், பால் குடிக்காதுங்கறதே ஞாபகத்துக்கு வரலை."

நிழல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

எல்லாருக்கும் அந்த வரி அபத்தமாகப் பட்டிருக்கிறது. கிளிக்காரம்மாவுக்கு, ஆமைக்காரருக்கு, ஒவ்வொரு நாய்க்காரருக்கும். படித்தவுடன், ஆமாம், அவனுக்குப் பிடித்ததுதான் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போன ஆள் ஊரிலேயே ஒருத்தர்தான். காலையிலிருந்து அவர் தேடிய நாயின் சொந்தக்காரர், காலையிலிருந்து அவருடைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய், பெரிய திரையில் அந்த வரியைக் காட்டச் சொன்னார். போனில் பாதியில் வெட்டுப்பட்டது அங்கே முழுசாகத் தெரிந்தது. "பாலில் நனைத்த ரொட்டியைச் சாப்பிட்டது. வாலை ஆட்டியது. சரிபார்த்தாச்சு."

"அந்தக் கடைசி வார்த்தை நான் எழுதவே மாட்டேன் சார்," என்றார் நர்ஸ். "யாரு அப்படி எழுதுவாங்க?"

"தெரியலையேம்மா," என்று நிழல் பொய் சொன்னார். தொழிலுக்கு வந்து முதல் தடவையாக ஒன்று தெரிந்திருக்கிறது. அதைத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தன் தலையெழுத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

அத்தை வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அத்தை, காலைல வீட்டைப் பூட்டினதும் என்ன சொன்னீங்க?"

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"ம்."

"இத்தனை வருஷத்துல ஒண்ணு கண்டுபிடிச்சீங்க. இதையா கண்டுபிடிக்கணும்?"

நிழல் ஸ்கூட்டர் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை நீங்க," என்றார் அத்தை. "அந்தப் போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டே இருந்தீங்க. என் பொண்ணு ஊர்ல இல்லாத நேரத்துல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பெட்டி ஓட்டைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரே ஒரு வரி மாத்தினா ஒரு ராத்திரியாவது தூங்குவீங்க, காலைல நர்ஸ் புதுசா எழுதினதும் இது போயிடும்னு நினைச்சேன். அவசரத்துல அடிச்சேன். எந்த நாய்னு போட விட்டுப்போச்சு. அதை விட்டவங்களை ஆபீஸ்ல நிக்க வச்சுத் திட்டியிருக்கேன் மாப்பிள்ளை. ஒருத்தன் அழுதேவிட்டான்."

"காலைலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, உங்க நாய் சாப்பிடலைங்கறதையும் சொல்லணுமே."

தம்மை அத்தை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை என்று நிழல் இத்தனை காலம் உறுதியாக நம்பியிருந்தார். அதிலும் அவருடைய துப்பு தப்பாகவே போயிருந்தது.

"யாரோ வெளிநாட்டு ஆள் பண்ணினான்னு சொல்லிடலாம் அத்தை. தம்பி நம்பிடுவார். நர்ஸுக்கும் வேலை போகாது."

"பூனைக்காரர்கிட்ட?"

அத்தை உள்ளே போனார். முதலில் டாக்டரிடம் போகவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய், கூடைக்காரரின் முன்னால் நின்று, "நான்தான்யா அதை எழுதினது. என் மாப்பிள்ளையோட நாய்க்குன்னு எழுதினது உங்க பூனைக்கும் வந்துடுச்சு. உங்களை இன்னொரு தரம் அழ வச்சுட்டேன். மன்னிச்சுடுங்க" என்றார். அவருடைய குரல் உடைந்து நிழல் கேட்டது அன்றைக்குத்தான். கூடைக்காரர் கூடையின் மூடியைத் திறந்து மூடினார்.

"ஒரு ராத்திரி அது உயிரோட இருந்த மாதிரி இருந்துச்சு," என்றார். "ஆனா நீங்க இதைச் செஞ்சிருக்கக் கூடாதும்மா." எழுந்து போய்விட்டார்.

டாக்டரம்மா முழுக்கதையும் கேட்டார். போலீசுக்குச் சொல்லப் போனை எடுத்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நர்ஸிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அத்தையே போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் பெயர் வேறு கட்டளை வேறு என்று பிரிக்கும்படி தம்பி திருத்தும்வரை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க வேண்டும். இது அத்தைக்குத் தந்த தண்டனை என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். தம்பி அப்படி நினைக்கவில்லை.

நிழல் நர்ஸின் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து கேட்காமல் ஒளித்து வைத்திருந்த கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"என் நாய்க்கு நேத்து நீங்க என்ன எழுதியிருந்தீங்கம்மா?"

"சாப்பிடவில்லைன்னு சார். இன்னைக்கும் சாப்பிடலை." நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலையசைத்தார். "உள்ள வாங்க."

இன்ஸ்பெக்டர் கம்பளியின் மேல் மெலிந்து கிடந்தான். நிழல் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்வது வார்டு முழுக்கக் கேட்டது. அத்தை பின்னாலேயே எதிர்க்கடையில் வாங்கிய ரொட்டியும் ஒரு கிண்ணம் பாலுமாக வந்தார். டாக்டரம்மா பார்க்காத மாதிரி இருந்தார். நிழல் ஒரு துண்டை நனைத்து அதன் வாயருகே நீட்டினார். நாய் மோந்து பார்த்தது. தின்னவில்லை. மூக்கை மட்டும் அவருடைய உள்ளங்கையில் வைத்துக்கொண்டது.

நிழலின் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டார்.

"வாலைப் பாருங்க அத்தை," என்றார். "ஆட்டுதா?"

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிழல் தலையைத் தூக்கியிருந்தால் அவரும் பார்த்திருக்கலாம். துப்பறிகிறவன் தன் கண்ணால் பார்க்காததை நம்பக் கூடாது என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்த மனிதர், தூக்கவில்லை.

"ஆட்டுது மாப்பிள்ளை," என்றார் அத்தை. "சரிபார்த்தாச்சு."